150 சொல்லுக்குள் எங்கள் ஊர்

எங்கள் ஊர் சாலையைப் பற்றி மக்களவையில் கேள்வி போய், பதிலும் வந்த பிறகு, கடைக்கு வருகிறவர்கள் இரண்டு விஷயம் விசாரிக்கிறார்கள். "எவ்வளவு செலவாச்சு?" என்பது ஒன்று. "நம்ம தொகுதி எம்.பி.யா கேட்டாரு?" என்பது இன்னொன்று. செலவு என்று பார்த்தால் ஜெராக்ஸ் பேப்பரும் பஸ் டிக்கெட்டும்தான். கேட்டவர் எங்கள் தொகுதிக்காரர் இல்லை, வேறு மாவட்டத்து உறுப்பினர். நாட்டின் எந்த மூலையைப் பற்றியும் எந்த உறுப்பினரும் கேட்கலாம்.

செலவு எவ்வளவு என்று கேட்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கேள்வி கேட்கப் பணம் வாங்கினார்கள் என்று 2005 டிசம்பரில் 11 உறுப்பினர்களை நாடாளுமன்றமே பதவியை விட்டு வெளியே அனுப்பியது. மக்களவையில் 10 பேர், மாநிலங்களவையில் ஒருவர். அதை டிவியில் பார்த்த ஊர், கேள்விக்கு ஒரு ரேட் இருக்கும் என்றுதானே நினைக்கும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டினத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கூடவே மனு எழுதித் தருவேன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வழித்தகராறு எல்லாம் வரும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் ஞாயிறு சாயங்காலமே வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

என் ஊர் தேசிய நெடுஞ்சாலை 44ஐ ஒட்டி இருக்கிறது. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற சாலை. பெரியவர்கள் வாயில் இன்னும் அது என்.எச்.7தான். ஊர் சாலைக்கு ஒரு பக்கம். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பால் சொசைட்டி எல்லாம் மறுபக்கம். நடுவில் மீடியன் தடுப்பில் ஒரு இடைவெளி இருந்தது. காலையில் பால் கேனோடு அதில்தான் புகுந்து போவார்கள். மாங்காய் சீசனில் பெங்களூரா ரகம் ஏற்றிய டிராக்டரும் மினி லாரியும் கூழ் ஃபேக்டரிக்குப் போக அங்கேதான் திரும்பும். விபத்துகள் நடந்தன. அப்புறம் இடைவெளியை அடைத்தார்கள். அடைத்த பிறகு பைக்கில் போகிறவர்கள் யூ-டர்ன் வரைக்கும் போய்ச் சுற்றி வர மனமில்லாமல் ராங் சைடில் ஓட்ட ஆரம்பித்தார்கள், நடந்து போகிறவர்கள் தடுப்பை ஏறிக் குதித்தார்கள். மறுபடியும் விபத்து.

கீழே ஒரு சுரங்கப்பாதை வேண்டும் என்று நானே பல மனு எழுதியிருக்கிறேன். "சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளது" என்று பதில் வரும். சம்பந்தப்பட்ட துறையிலிருந்து எதுவும் வராது. சட்டமன்றத்தில் கேட்கச் சொல்லலாம் என்று முயன்றால், "அது சென்ட்ரல் ரோடுப்பா" என்று முடிந்துவிட்டது. அது தட்டிக்கழித்தது இல்லை, நியாயமான பதில்தான். தேசிய நெடுஞ்சாலை அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. மாநில அமைச்சர் எழுந்து ஒன்றிய அரசை வலியுறுத்துவோம் என்று சொல்லலாம், அதற்கு மேல் அவருக்கு அங்கே வேலை கிடையாது.

10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து ஆர்.டி.ஐ. போட்டேன். அதில்தான் முதல்முறையாக உருப்படியான ஒரு வரி வந்தது: குறிப்பிட்ட இடம் பிளாக் ஸ்பாட் பட்டியலில் இல்லை.

பிளாக் ஸ்பாட் என்றால் என்ன என்று தேடினேன். தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று காலண்டர் ஆண்டுகளில், உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்து 5 நடந்திருக்க வேண்டும். அல்லது அதே மூன்று ஆண்டுகளில் 10 பேர் இறந்திருக்க வேண்டும். இதுதான் அரசு வைத்திருக்கும் அளவுகோல். எங்கள் இடத்துக்கு அது எப்படிப் பொருந்தாமல் போகும் என்று எனக்குப் புரியவில்லை.

விடை என் கடையிலேயே கிடந்தது. விபத்து நஷ்டஈடு வழக்குக்குப் போகிறவர்கள் எஃப்.ஐ.ஆர். நகலை என்னிடம்தான் ஜெராக்ஸ் எடுப்பார்கள். ஒரு நாள் இரண்டு குடும்பத்துத் தாள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தது. இரண்டும் எங்கள் ஊர் கடப்பில், அதாவது நாங்கள் சாலையைக் கடக்கிற இடத்தில், நடந்ததுதான், ஆனால் மேலே இருந்த காவல் நிலையத்தின் பெயர் வேறு வேறு. ஸ்டேஷன் எல்லை எங்கள் ஊர் முகப்பிலேயே பிரிகிறது. வடக்கே விழுந்தால் ஒரு ஸ்டேஷன், கொஞ்சம் தள்ளித் தெற்கே விழுந்தால் இன்னொன்று. இந்தக் கணக்கிலும் ஐந்து வராது, அந்தக் கணக்கிலும் வராது. இரண்டையும் கூட்டினால் ஐந்தைத் தாண்டும். கூட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.

அந்தக் குடும்பங்களிடம் கேட்டு வாங்கி எல்லா எஃப்.ஐ.ஆரையும் தேதி வாரியாக அடுக்கினேன். தர்மபுரியில் சட்டம் படிக்கிற எங்கள் ஊர்ப் பையன் ஒருத்தன் அதைப் பார்த்துவிட்டு, "மாமா, இதை மனுவா எழுதாதீங்க, பார்லிமென்ட் கேள்வியா எழுதுங்க" என்றான். அவனுக்குத் தெரிந்தவர் ஒருவர் ஒரு உறுப்பினரின் அலுவலகத்தில் உதவியாளராக இருந்தார். வழி அப்படித்தான் கிடைத்தது. வேறு பெரிய சிபாரிசு எதுவும் இல்லை. இந்த உதவியாளர்களுக்கு நல்ல கேள்வி கிடைப்பது கஷ்டம், அதனால் கையில் தாளோடு வருகிற ஆளை அவர்கள் விரட்டுவதில்லை.

கேள்விக்கு என்று ஒரு இலக்கணம் இருக்கிறது. மனு எழுதிப் பழகிய கைக்கு அது சட்டென்று வராது. மனுவில் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும், இறங்கிக் கேட்க வேண்டும், செத்தவர் விட்டுப்போன குழந்தைகளைக் காட்ட வேண்டும். கேள்வியில் இதெல்லாம் இருந்தால் மக்களவைச் செயலகம் நிராகரித்துவிடும். வாதம் இருக்கக் கூடாது, கிண்டல் கூடாது, குற்றச்சாட்டு கூடாது, அரசின் கருத்து என்ன என்று கேட்கக் கூடாது, வழக்கில் இருக்கிற விஷயத்தைத் தொடக் கூடாது. சாதாரணமாக 150 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. அற்ப விஷயமாகவும் இருக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய இடைஞ்சல். ஒரே ஒரு ஊர் கடப்பைப் பற்றிக் கேட்டால் அது அற்பமாகத் தெரிந்துவிடும் என்று உதவியாளர் சொன்னார். அதனால் கிருஷ்ணகிரி முதல் தர்மபுரி வரை என்று நீட்டி, அதற்குள் எங்கள் கிலோமீட்டர் கல் விழும்படி வைத்தோம்.

இன்னொரு கண்ணி போலீஸ். காவல் துறை மாநிலப் பட்டியல். "இரண்டு ஸ்டேஷன்களும் ஏன் கணக்கைச் சேர்க்கவில்லை?" என்று கேட்டால் இது மாநில விஷயம் என்று கேள்வி அங்கேயே செத்துவிடும். கணக்கை வைத்து பிளாக் ஸ்பாட் பட்டியல் போடுவது ஒன்றிய அரசு. ஆகவே கேள்வியைப் பட்டியல் போடுகிறவர் பக்கம் திருப்ப வேண்டும். பையன் இந்த இடத்தில் கெட்டிக்காரன். "நாம போலீஸைக் கேக்கல மாமா, கூட்டுறவரைக் கேக்கறோம்" என்றான்.

தேதிக் கணக்கும் இருக்கிறது. எந்த அமைச்சகம் எந்தக் கிழமை பதில் சொல்லும் என்று ஐந்து பிரிவாகப் பிரித்து, கூட்டத்தொடருக்கு முன்பே அட்டவணை வந்துவிடும். பதில் வேண்டிய நாளுக்குக் குறைந்தது 15 முழு நாள் முன்னால் நோட்டீஸ் போக வேண்டும். ஒரு உறுப்பினர் ஒரு நாளைக்கு 5 நோட்டீஸ்தான் தரலாம். இதுவே போட்டி. உரம், ரயில், வங்கிக் கடன் என்று எல்லா ஊர்க்காரரும் அந்த ஐந்துக்குள் இடம் பிடிக்க நிற்பார்கள். பிறகு குலுக்கல். நாளொன்றுக்கு நட்சத்திரக் கேள்வி 20, நட்சத்திரம் இல்லாதவை 230. நட்சத்திரம் இருந்தால் அமைச்சர் அவையில் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், உறுப்பினர் அங்கேயே துணைக் கேள்வி கேட்கலாம். இல்லாவிட்டால் எழுத்தில் பதில், அவ்வளவுதான்.

ஊரில் எல்லோருக்கும் நட்சத்திரம் மேல்தான் ஆசை. டிவியில் வருமே. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. காலை 11 முதல் 12 வரை ஒரு மணி நேரம். அதில் 20 கேள்வியில் ஐந்தாறு வருவதே பெரிது. அமளி நடந்தால் அதுவும் போச்சு. எழுத்துப் பதிலுக்கு அமளி கிடையாது. அவை ஒத்திவைக்கப்பட்டாலும் பதில் மேஜையில் வைக்கப்பட்டதாகக் கணக்கு. அன்றைக்கே இணையத்தில் எடுத்துவிடலாம். கொரோனாவின்போது 2020 மழைக்காலக் கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தையே விட்டுவிட்டார்கள், அப்போதும் எழுத்துப் பதில்கள் வந்துகொண்டுதான் இருந்தன.

ஆனால் துணைக் கேள்வியைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நம்மூர்க்காரரான டி.டி.கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சர் பதவியை விட்டது அந்த வழியில்தான். எல்.ஐ.சி. பணம் முந்த்ரா என்ற வியாபாரியின் கம்பெனிப் பங்குகளில் போடப்பட்டதைப் பற்றி 1957இல் ராம் சுபக் சிங் என்ற உறுப்பினர் ஒரு கேள்வி கேட்டார். மழுப்பலான பதில் வந்தது. காங்கிரஸ் உறுப்பினர் ஃபெரோஸ் காந்தி அதைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே போனார். ஆளுங்கட்சிக்காரரே ஆளுங்கட்சி அமைச்சரைக் குடைந்தார். நீதிபதி சக்ளா ஆணையம் விசாரித்தது, 1958 பிப்ரவரியில் ராஜினாமா. முதல் பதில் மழுப்பலாக இருந்ததுதான் மற்றதற்கெல்லாம் வழி விட்டது. எங்களுக்கும் சின்ன அளவில் அதுவே நடந்தது.

முதல் கேள்வி (அ), (ஆ), (இ), (ஈ) என்று நான்கு பிரிவாகப் போனது. நெடுஞ்சாலை 44இல் விபத்துகள் அதிகரித்திருப்பதை அரசு அறியுமா; அறியுமெனில் விவரம்; எடுத்த நடவடிக்கைகள்; சுரங்கப்பாதைகள் அமைக்கும் திட்டம் உண்டா. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பதில் இப்படித் தொடங்கியது: "(அ) முதல் (ஈ) வரை:". அதைப் பார்த்ததுமே பையன் தலையில் கைவைத்தான். நான்கையும் ஒரே உருண்டையாகப் பிடித்துவிட்டால், எதற்குப் பதில் சொல்லவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது. கீழே நாடு முழுவதற்குமான சாலைப் பாதுகாப்பு நடவடிக்கைகள்: விழிப்புணர்வு, பொறியியல், சட்ட அமலாக்கம், அவசரச் சிகிச்சை. இணைப்பில் மாநில வாரியாக ஒரு அட்டவணை. தமிழ்நாடு ஒரு வரி. எங்கள் ஊர் அந்த ஒரு வரிக்குள் எங்கேயோ இருந்தது.

பதில் எழுதிய அதிகாரியைத் திட்டி என்ன செய்ய? "அறியுமா" என்று கேட்டால் "அறியும்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். "நடவடிக்கை என்ன" என்று கேட்டால் கைவசம் இருக்கிற பத்தியை ஒட்டலாம். உதவியாளர் போனில் சொன்ன யோசனை இங்கேதான் உதவியது. ஒவ்வொரு பிரிவும் தனித்தனித் தாளைத் தேடிப் போகிற மாதிரி கேட்க வேண்டும், அப்போது ஒன்றாகச் சேர்க்க முடியாது.

அடுத்த கூட்டத்தொடருக்கு முன்னால் பழைய பதில்களை இறக்கிப் படித்தோம். நாடாளுமன்ற இணையதளத்தில் எல்லாம் கிடைக்கிறது, உறுப்பினர் பெயர், அமைச்சகம், தேதி என்று தேடலாம். முன்பே பதில் வந்த விஷயத்தைத் திரும்பக் கேட்டால் வீண். முன்பே சொன்ன பதிலை அடித்தளமாக வைத்துக் கேட்டால் பலம். நாங்கள் கடைசியாக அனுப்பியது, தமிழில் எழுதி வைத்திருந்தபடி:

(அ) தேசிய நெடுஞ்சாலை 44இல் கிருஷ்ணகிரிக்கும் தர்மபுரிக்கும் இடையே பிளாக் ஸ்பாட்டாகக் குறிக்கப்பட்ட இடங்கள் எவை, கிலோமீட்டர் வாரியாக;

(ஆ) ஒரே 500 மீட்டருக்குள் நடந்த விபத்துகள் இரண்டு காவல் நிலையங்களில் பதிவானால் அவை சேர்த்துக் கணக்கிடப்படுகின்றனவா;

(இ) ஆம் எனில், மேற்படிப் பகுதியில் அப்படிச் சேர்த்துக் கணக்கிட்ட இடங்கள் எவை; இல்லை எனில் காரணம் என்ன;

(ஈ) இப்பகுதியில் பாதசாரிகள் கடக்கச் சுரங்கப்பாதை கட்ட எந்தெந்த கிலோமீட்டரில் முடிவெடுக்கப்பட்டுள்ளது, ஒவ்வொன்றும் எந்த நிலையில் உள்ளது?

மொத்தமே 60 சொல்லுக்குள். ஒரு அழுகை கிடையாது. எங்கள் ஊர்ப் பெயரே அதில் இல்லை. பஞ்சாயத்து முன்னாள் தலைவருக்கு அது பெரிய வருத்தம். "நம்ம ஊரு பேரு இல்லாம எதுக்குப்பா டெல்லிக்கு அனுப்புற?" என்றார். கிருஷ்ணகிரிக்கும் தர்மபுரிக்கும் இடையே என்ற வரியைக் காட்டி, இதுக்குள்ளதான் நம்ம ஊரு என்று சொல்ல வேண்டியிருந்தது.

குலுக்கலில் விழுந்தது, நட்சத்திரம் இல்லாமல். இந்த முறை (அ)வுக்குத் தனியாக இணைப்பு வந்தது. கிலோமீட்டர் வாரியாகப் பட்டியல். எங்கள் இடம் அதில் இல்லை. இருக்காது என்று தெரிந்ததுதான், ஆனால் இல்லை என்பது இப்போது அச்சில் இருக்கிறது. (ஆ)வுக்கு, சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும் என்பதே நடைமுறை என்று நேரடியான பதில். அந்த ஒரு வரிக்காகத்தான் அத்தனை அலைச்சலும். (இ)க்கு, விவரம் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும் என்றிருந்தது. (ஈ)க்கு, சாத்தியக்கூறு ஆராயப்படுகிறது.

"சேகரிக்கறாங்களாம், ஆராயறாங்களாம், பழைய பாட்டுதான்" என்று நான் தாளை மடித்தேன். பையன் விடவில்லை. அமைச்சர் அவையில் விவரம் சேகரிக்கப்படுகிறது, பரிசீலனையில் உள்ளது என்று சொன்னால் அது வெறும் வாய்ப்பேச்சு ஆகாது. உறுதிமொழி என்று பதிவாகிவிடும். அதைக் கண்காணிக்க அரசு உறுதிமொழிகள் குழு என்று உறுப்பினர்கள் அடங்கிய ஒரு குழுவே இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அமைச்சகம் குழுவிடம் அவகாசம் கேட்க வேண்டும். கலெக்டர் ஆபீஸில் நம் மனு தூங்கினால் எழுப்ப யாரும் இல்லை. இது தூங்கினால் கேட்க ஒரு குழு இருக்கிறது. நாடாளுமன்ற ஏற்பாடுகளில் ஊர்க்காரனுக்கு அதிகம் பயன்படுவது இதுதான் என்பது என் எண்ணம். ஆனால் இதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

அவகாசம் கேட்கத்தான் செய்தார்கள். நாங்களும் சும்மா இருக்கவில்லை. (ஆ) பதிலை அச்செடுத்து, எஃப்.ஐ.ஆர். அடுக்கோடு சேர்த்து, கலெக்டர் தலைமையில் நடக்கும் மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குக் கொடுத்தோம். முன்பு நின்று கேட்காதவர்கள் இப்போது அந்தத் தாளை வாங்கிப் படித்தார்கள். தேதி, கேள்வி எண், அமைச்சரின் பெயர் எல்லாம் மேலே இருக்கிறதே. "ஒரு காப்பி குடுங்க" என்று அங்கேயே கேட்டார் ஒரு அதிகாரி. என்னிடமா காப்பிக்குப் பஞ்சம்!

கொஞ்ச காலம் கழித்து இரண்டு ஸ்டேஷன்காரர்களும் நெடுஞ்சாலை ஆட்களும் ஒன்றாக வந்தார்கள். சக்கரம் வைத்த அளவுகோலைத் தள்ளிக்கொண்டு 500 மீட்டர் அளந்தார்கள். விபத்து நடந்த இடம் ஒவ்வொன்றுக்கும் ரோட்டோரத்தில் மஞ்சள் பெயிண்டில் கோடு. டீக்கடைப் பையன்கள் "இங்க இல்ல சார், அங்க" என்று திருத்திக்கொண்டிருந்தார்கள். கணக்கு கூட்டப்பட்டது. இடம் பட்டியலில் ஏறியது.

பட்டியலில் ஏறினால் உடனே பாலம் வந்துவிடாது. முதலில் குறுகிய கால நடவடிக்கை என்று சோலார் பிளிங்கரும், வேகத்தைக் குறைக்க ரோட்டில் போடும் ரம்பிள் ஸ்ட்ரிப் கோடுகளும், விளக்குக் கம்பமும் வந்தன. ரம்பிள் ஸ்ட்ரிப் சத்தத்தில் தூக்கம் போச்சு என்று ரோட்டோர வீட்டுக்காரர்கள் என்னைத்தான் திட்டுகிறார்கள். சுரங்கப்பாதை நீண்ட கால நடவடிக்கை. மதிப்பீடு தயாராவதாகச் சொல்கிறார்கள், டெண்டர் இன்னும் இல்லை. உறுதிமொழி இன்னும் முடிந்ததாகக் கணக்கில் வரவில்லை. அடுத்த கூட்டத்தொடருக்கு இரண்டே பிரிவில் ஒரு கேள்வி எழுதி வைத்திருக்கிறோம்: மதிப்பீடு எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பப்பட்டது, அவர் அதைத் திருப்பி அனுப்பினாரா, ஆம் எனில் எந்தத் தேதியில்?

இப்போது வேறு ஊர்க்காரர்களும் வருகிறார்கள். போன வாரம் தர்மபுரியிலிருந்து ஒருவர் வந்து மொரப்பூர்-தர்மபுரி ரயில் பாதையைப் பற்றிக் கேட்கலாமா என்றார். 1941இல் நின்றுபோன சின்ன ரயிலுக்குப் பதிலாக 36 கிலோமீட்டர் புதுப் பாதை. 2016-17இல் ஒப்புதல், 2019இல் அடிக்கல். எழுதிக்கொண்டு வந்திருந்த கேள்வி, "தர்மபுரி மக்களின் நெடுநாள் கனவான இத்திட்டம் எப்போது நிறைவேறும்?" என்று முடிந்தது. கனவை அடித்துவிட்டு, எந்தக் கிராமத்தில் எத்தனை ஹெக்டேர் நிலம் கைக்கு வந்திருக்கிறது, எத்தனை பாக்கி, பணம் கட்டியது எவ்வளவு என்று கேளுங்கள் என்றேன். முதலில் பழைய பதில்களை இறக்கிப் படிக்கச் சொன்னேன். அச்செடுத்துத் தரட்டுமா என்று கேட்டதற்கு, எத்தனை பக்கம் வரும், பக்கத்துக்கு எவ்வளவு என்று உடனே கேட்டார். இதே மாதிரிதான் கேட்க வேண்டும் என்று சொல்லி, 2 ரூபாய் என்றேன்.